நாய்க்குட்டிக்கு அடி வேண்டாம், பழக்கம் போதும்

செம்மநத்தம் மாதிரி மலை ஊரில் காப்பித் தோட்டத்துக்கு நாய்தான் காவல். குட்டியிலேயே பழக்காவிட்டால் அதுவே கோழியைத் துரத்தும், சொட்டுநீர்க் குழாயைக் கடிச்சுக் குதறும். கோம்பையோ சிப்பிப்பாறையோ சாதா நாட்டுக்குட்டியோ, நான் கடைப்பிடிப்பது இதுதான்.

கடிப்பது: 4ஆம் மாத வாக்கில் பால்பல் விழத் தொடங்கும். 7 மாதம் வரை ஈறு நமநமக்கும். குழாயை விலக்கிட்டு, முடிச்சுப் போட்ட தடித்த கயிற்றைக் கொடுங்க. நார் பிரிந்தால் எடுத்துடுங்க.

வீட்டுக்குள் அசுத்தம்: 3 மாதக் குட்டி 3 மணி நேரத்துக்கு மேல் அடக்காது. தூங்கி எழுந்ததும், தின்றதும் வெளியே ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்க. இருந்து முடிச்ச கையோடு ஒரு துண்டு அவித்த முட்டை. அடித்தால் ஒளிந்து போகத்தான் பழகும்.

கோழி துரத்துவது: கயிற்றில் பிடித்து, கோழி மேயும் இடத்துக்குத் தள்ளி உட்காருங்க. கோழியை விட்டு நம்மைத் திரும்பிப் பார்த்தால் தீனி. தினம் 10 நிமிடம் போதும்.

காப்பிப் பழம், கொட்டை காயும் களத்தில் குட்டியை விடாதீங்க. அதிலுள்ள கஃபீன் நாய்க்கு நஞ்சு. 3ஆம் மாதம் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம்.

பேங்க்கில் ஆர்.டி. கட்டுற மாதிரிதான் இதுவும்: கொஞ்சம் கொஞ்சமா, விடாமல். வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லணும்.