வயிறு பேசாமல் போனால்...

குட்டீஸ், டீச்சர் மும்முரமாகப் பாடம் நடத்தும்போது உங்கள் வயிறு 'கொடகொட'வென்று கத்தி மானத்தை வாங்கியிருக்கிறதா? கவலைப்படாதீர்கள். குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம். அது பேசாமல் போனால்தான் ஆபத்து!

சிறுகுடலின் நீளம் பெரியவர்களுக்குச் சுமார் 6 மீட்டர். அதன் சுவரில் இருக்கும் தசை, கைத்தசை போல நாம் சொன்னால் அசைவதில்லை. நாம் தூங்கினாலும் தானாகவே சுருங்கி விரிந்து, சோற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இதற்குத் தாளம் போடவே தனி செல்கள் உண்டு. கண்டுபிடித்த ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானியின் பெயரால் அவை 'கஹால் செல்கள்' எனப்படுகின்றன. சிறுகுடலின் தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 12 மின் அலைகள்!

மின்சாரம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு தசை செல்லும் ஒரு குட்டி பேட்டரி. செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம். வெளியே அதில் முப்பதில் ஒரு பங்குதான். இந்த வித்தியாசம்தான் பேட்டரியின் சார்ஜ்.

சங்கராபுரம் பக்கம் மரவள்ளி, கரும்பு பயிரிடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பழைய நண்பன். அப்பா உரக்கடையில் 'பொட்டாஷ்' கேட்பாரே, சாம்பல் சத்து, அதில் இருப்பதும் இதே பொட்டாசியம்தான். 1807ல் ஹம்ப்ரி டேவி, பொட்டாஷில் மின்சாரம் பாய்ச்சி இந்த உலோகத்தைப் பிரித்தார்.

சரி, கல்வராயன் மலையில் ஒரு சிறுவன் மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் கடும் பேதி. தண்ணீரோடு உப்பும் பொட்டாசியமும் வெளியேறுகின்றன. ரத்தத்தில் பொட்டாசியம் குறைய, செல்லுக்கு உள்ளும் வெளியும் இருக்கும் வித்தியாசம் அளவுக்கு மீறுகிறது. 'சார்ஜ் கூடினால் நல்லதுதானே?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! ஆனால், தாண்ட வேண்டிய சுவர் உயர்ந்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. தாள அலை எட்டிக் குதிக்கிறது, தாண்ட முடியவில்லை. தசை சுருங்காமல் சோர்ந்து போகிறது.

வயிறு உப்புகிறது. கை, கால் துவளுகிறது. வாந்தி வருகிறது. 'அப்பாடா, பேதி நின்றுவிட்டது' என்று பாட்டி நிம்மதி அடையலாம். மருத்துவரோ ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கேட்கிறார். சத்தமே இல்லை! உடனே ரத்தப் பரிசோதனை செய்து, அளவு பார்த்துப் பொட்டாசியம் கொடுப்பார். நாமாக மாத்திரை வாங்கிப் போடவே கூடாது. அளவு கூடினால் இதயமே நின்றுவிடும்.

1971ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பன்காவ் என்ற ஊரில் டாக்டர் திலீப் மகாலனோபிஸிடம் சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் நீரில் கலந்து குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு சுமார் 30 பேர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, 4க்கும் கீழே இறங்கியது. அவர் 2022ல் மறைந்தார்.

இன்றைய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடும் உண்டு. துணை சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். பெரிய பாக்கெட் என்றால், காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் நீரில் முழுவதையும் கலக்க வேண்டும். பாதி பாக்கெட், அரை டம்ளர் கணக்கெல்லாம் உதவாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. ஆனால், சோடியம் குறைவு. எனவே ஓ.ஆர்.எஸ்.ஸோடு சேர்த்துக் குடிக்கலாம், அதற்குப் பதிலாக அல்ல. சிறுநீரக நோயுள்ள தாத்தாவுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நீட்டிவிடாதீர்கள்.

நம் மலைச் சிறுவனுக்கு என்ன ஆயிற்று? மறுநாள் காலை மருத்துவர் மீண்டும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

'கொடகொட!'

அதன் பிறகுதான் கஞ்சி கொடுக்கச் சொன்னார்.