உருக்கைக் காக்கும் நாகக் கலப்புலோகப் பூச்சுக்கள்

இரும்பு, தன் பழைய நிலையையே என்றும் நாடும் இயல்பினது. தாதுப்பொருளில் ஒட்சிசனோடு கூடியிருந்த அதனை ஊதுலையிலே பெருவெப்பத்தாற் பிரித்தெடுக்கின்றோம். நீரும் காற்றும் ஒருங்கே கிடைத்தவிடத்து அது மறுபடியும் ஒட்சிசனோடு கூடித் துருவாகின்றது. இரும்பின் திருந்திய வடிவமாகிய உருக்கும் இவ்விதிக்கு விலக்கன்று. கூரைத் தகடு, பாலம், மோட்டார் வண்டி ஆகிய யாவும் இவ்வாறு அழிகின்றன. கடற்காற்றின் உப்புப் படியும் கரையோர ஊர்களில் இவ்வழிவு இன்னும் விரைவாகும். இதனைத் தடுக்கும் வழிகளுள் நாகத்தாலும் அதன் கலப்புலோகங்களாலும் மெல்லிய பூச்சிடுதல் தலையாயது. அதன் தத்துவத்தை ஈண்டு நோக்குவாம்.

துருப்பிடித்தல் ஒரு மின்னிரசாயனத் தாக்கமாகும். உருக்கின் மேற்பரப்பில் ஓரிடத்தில் இரும்பணுக்கள் இலத்திரன்களை இழந்து அயன்களாய்க் கரைகின்றன. வேறோரிடத்தில் நீரிற் கரைந்துள்ள ஒட்சிசன் அவ்விலத்திரன்களை ஏற்கின்றது. இரும்பின் நியம மின்வாயழுத்தம் −0.44 உவோற்று, வெள்ளீயத்தினது −0.14, நாகத்தினது −0.76. ஆதலின் வெள்ளீயம் பூசிய தகடு ஈரக் காற்றிற் கீறுண்டால், கீறலின்கண் இரும்பே முதலில் அரிபடும். நாகம் பூசிய தகட்டிலோ நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். முன்னது வெறும் மதில். பின்னது மதிலும் காவலனுமாம்.

இக்காவல் முறையைச் சேர் அம்பிரி டேவி 1824 ஆம் ஆண்டிற் கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காத்தற்குப் பயன்படுத்தினார். உருகிய நாகத்தில் இரும்பைத் தோய்க்கும் முறைக்குப் பிரெஞ்சு நாட்டினரான சோரல் 1837 இல் ஆக்கவுரிமை பெற்றார். நாகம் ஏறத்தாழ 420 பாகை சதமவளவில் உருகும். தோய்க்குந் தொட்டி 450 பாகையளவில் வைக்கப்படும்.

ஆனால் தன்னை இழந்து காக்கும் பூச்சு ஒருநாள் தீர்ந்தே போகும். சதுர மீற்றருக்கு 275 கிராம் நாகம் இருபுறமும் சேரப் பூசப்பட்ட தகட்டில், ஒரு புறத்தின் தடிப்பு மீற்றரின் பத்துலட்சத்தில் 19 பங்களவே. தடிப்பைக் கூட்டினால் ஆயுள் கூடும். எனினும் தகட்டை வளைக்கும்போது பூச்சு வெடிக்கும், ஒட்டுவேலையும் இடர்ப்படும், நாகமும் வீணாகும். எனவே தடிப்பை மிகுக்காது பூச்சின் தன்மையை மாற்றுவதே அறிஞர் கண்ட வழி.

1972 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பூச்சொன்றில் அலுமினியம் 55 சதவீதமும், நாகம் 43.4 சதவீதமும், சிலிக்கன் 1.6 சதவீதமும் உள்ளன. அலுமினியத்துக்கும் உருக்குக்கும் இடையே தாக்கம் மிகாதவாறு சிலிக்கன் தடுக்கின்றது. அலுமினியம் செறிந்த பகுதிகள் நெடுங்காலம் நிலைத்து மதிலாகின்றன. இடையிலுள்ள நாகம் செறிந்த பகுதிகள் காவலனாகின்றன. ஆயினும் வெட்டுவிளிம்புகளில் இதன் காவல் தூய நாகத்தினும் குறைந்தது. காரம் அலுமினியத்தைத் தாக்குமாதலின், ஈரச் சீமெந்தோடு இதனைச் சேர்த்தலாகாது.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி யப்பானியர் மகனீசியத்தையும் சேர்த்தனர். 6 சதவீத அலுமினியமும் 3 சதவீத மகனீசியமும் கொண்ட நாகப் பூச்சு இவற்றுளொன்று. மகனீசியம், அரிப்பில் விளையும் மூல நாகக் குளோரைட்டு முதலியன நெருங்கிய படலமாய் நிலைத்திருக்க உதவுகின்றது. அப்படலம் வெட்டுவிளிம்பையும் மூடுகின்றது.

சிறு திருகாணிகளுக்கும் வண்டியுறுப்புக்களுக்கும் மின்முலாமிடும் நாக–நிக்கல் பூச்சு ஏற்றது. நிக்கல் 12 முதல் 15 சதவீதம் வரையிருப்பின், பூச்சின் அழுத்தம் உருக்கினதை அணுகினும் அதனிலும் தாழ்ந்தே நிற்கும்; ஆகவே அது காவலைக் கைவிடாது, ஆனால் மெல்லத் தேயும். நிக்கல் மிகையாயின் அழுத்தவரிசை தலைகீழாகி உருக்கே அரிபடும். அளவே இங்கு உயிர்நாடி.

இவற்றால் ஓருண்மை தெளிவாகும். எல்லாவிடத்துக்கும் பொருந்தும் பூச்சென ஒன்றில்லை. உப்புக்காற்றா, காரமா, வெட்டுவிளிம்பா, ஒட்டுவேலையா என ஆராய்ந்தே தெரிதல் வேண்டும். செப்புக் குழாயினின்று வடியும் நீரை நாகம் பூசிய கூரைமேல் விழவிடலாகாது. அந்நீரிலுள்ள செப்பு தகட்டிற் படிந்து நாகத்தை விரைந்து தின்னும். நாகப் பூச்சு உள்ளவரையே உருக்கு நிலைக்குமாதலின், அப்பூச்சைப் பேணுதலே அதன்கீழுள்ள கூரையையும் பாலத்தையும் பேணுதலாகும்.