எண்ணெய் இன்னும் எழுந்திருக்கல!

குழந்தைகளே! கார்த்திகை பிறந்தாலே கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலையில் குளிர் தொடங்கிவிடும். அங்கே நான் ஆசிரியராக இருந்தபோது, ஒரு காலையில் மாணவன் ஒருவன் பரட்டைத் தலையோடு தாமதமாக வந்தான்.

"தலைக்கு எண்ணெய் வைக்கலையா?" என்று அதட்டினேன்.

கண் கலங்க நின்றவன், "சார், நான் எழுந்துட்டேன். எண்ணெய்தான் இன்னும் எழுந்திருக்கல!" என்றான்.

வகுப்பே சிரித்தது. என் கோபமும் பறந்தது. அன்று காலை நானும் எண்ணெய் பாட்டிலைக் குலுக்கிக் குலுக்கி அலுத்துப்போனவன்தானே!

காரணம் தெரியுமா? தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். அதனால் வெப்பநிலை சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும். நல்லெண்ணெயில் அந்தக் கொழுப்பு குறைவு. அதே குளிரில் உறையாது. உறைந்த எண்ணெய் கெட்டுப்போனதல்ல. மூடிய பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்தால் உருகிவிடும். இதை வகுப்பிலேயே செய்து காட்டினேன்.

மறுநாள் அவன் தலை பளபளத்தது!

காயாத சீருடை, ஜில்லென்ற தண்ணீர், வழியை மறைக்கும் மூடுபனி... குளிர்காலத்தில் எரிச்சல் வரத்தான் செய்யும். முதலில் கொஞ்சம் சிரியுங்கள். பிறகு, 'ஏன் இப்படி?' என்று கேளுங்கள். வழி தானாகத் தெரியும்.