முகத்தலும் நிறுத்தலும்

தமிழ் இலக்கண நூலார் அளவைகளை நீட்டல், முகத்தல், எடுத்தல், எண்ணல் என நான்காகப் பகுத்தனர். முழம் நீட்டலளவை, படி முகத்தலளவை, கிலோ எடுத்தலளவை, 'நான்கு முருங்கைக்காய்' என்பது எண்ணலளவை. எடுத்தல் என்பது இங்கே நிறுத்தலைக் குறிக்கும். சமையலறையில் முகத்தலளவையை எடுத்தலளவையாக மாற்றும் தேவை அடிக்கடி எழுகிறது. அதனை எவ்வாறு செய்வது?

தெற்கு அந்தமானிலிருந்து நடு நீரிணையைக் கடந்து நாம் அடையும் தீவு பாராடாங். உருளைக்கிழங்கும் வெங்காயமும் பெருநிலத்திலிருந்து கப்பலேறி அந்தமான் தீவுகளுக்கு வருகின்றன. ஆதலால் காய்கறியைக் கணக்கிட்டு வாங்குதல் இங்கு இன்றியமையாதது. வாங்கியது மிகுந்தால் வீணாகும். குறைந்தால் உடனே பெறுதல் அரிது.

பள்ளி மதிய உணவுத் திட்டத்தின்படி நாள்தோறும் தொடக்கநிலை மாணவர் ஒருவருக்கு 50 கிராம், உயர் தொடக்கநிலை மாணவர் ஒருவருக்கு 75 கிராம் காய்கறி வழங்கப்பட வேண்டும். பாராடாங்கில் ஒரு பள்ளியில் தொடக்கநிலையில் 60 பேரும் உயர் தொடக்கநிலையில் 40 பேரும் உண்பதாகக் கொள்வோம். முன்னவர்க்கு 3 கிலோ, பின்னவர்க்கு 3 கிலோ. ஆக 6 கிலோ தேவை.

240 மில்லிலிட்டர் கொள்ளும் கோப்பை ஒன்றில் நறுக்கிய காய்கறிகளின் எடை ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்:

தக்காளி – 180 கிராம்
வெங்காயம் – 160 கிராம்
உருளைக்கிழங்கு – 150 கிராம்
மெல்லியதாய் அரிந்த முட்டைக்கோசு – 70 கிராம்
பச்சைப் பாலக்கீரை – 30 கிராம்

உருளைக்கிழங்காயின் 40 கோப்பைகள் 6 கிலோவாகும். அதே 40 கோப்பைகள் போதுமெனக் கருதிப் பாலக்கீரையை முகந்தால் கிடைப்பது 1,200 கிராம் மட்டுமே. 50 கிராம் பெற வேண்டிய குழந்தைக்கு 10 கிராமே கிட்டும். பாத்திரம் நிறைந்திருக்கும், உணவு குறைந்திருக்கும்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? அதே கோப்பையில் நீரை நிரப்பினால் அதன் எடை 240 கிராம். உருளைக்கிழங்கு நீரில் மூழ்கும் இயல்புடையது. எனினும் கோப்பையளவு துண்டுகள் 150 கிராமே உள்ளன. துண்டுகளுக்கிடையே காற்று இடம்பிடித்திருப்பதே காரணம். கீரை இலைகளுக்கிடையே காற்று மேலும் மிகுதி. வேகும்போது இலைகள் துவண்டு நெருங்குவதால், வெந்த பாலக்கீரை ஒரு கோப்பை ஏறத்தாழ 180 கிராம் இருக்கும். நறுக்கும் முறையும் எடையை மாற்றும். முட்டைக்கோசைச் சற்றுப் பெரிய துண்டுகளாக நறுக்கினால் கோப்பைக்கு 89 கிராம் வரை நிற்கும்.

எனவே எல்லாக் காய்கறிகளுக்கும் பொருந்தும் ஒரே எண் இல்லை. ஒவ்வொரு சமையலறையும் தனக்குரிய பட்டியலை எளிதாக உருவாக்கலாம். முதலில் வெற்றுக் கோப்பையை நிறுத்துக் குறித்துக்கொள்க. தோலும் காம்பும் நீக்கி, வழக்கமாக நறுக்கும் அளவில் நறுக்கிய காயை, அழுத்தாமல் நிரப்பி மீண்டும் நிறுக்க. இரண்டிற்கும் உள்ள வேறுபாடே காயின் எடை. இவ்வாறு மும்முறை நிறுத்துச் சராசரி காண்க. தேவையான மொத்த எடையை அச்சராசரியால் வகுத்தால் கோப்பைகளின் எண்ணிக்கை கிடைக்கும். சமைப்பதற்கு முன்னரே அளத்தல் வேண்டும். அப்பட்டியலைச் சுவரில் ஒட்டிவைத்தால், தராசு இல்லாத நாளிலும் முகந்தே சரியான எடையைப் பெறலாம்.

பயிற்சி

1. தொடக்கநிலை மாணவர் 64 பேருக்குரிய காய்கறி முழுவதும் வெங்காயமாயின், எத்தனை கோப்பைகள் தேவை?
2. மேற்கண்ட 6 கிலோவிற்குப் பாலக்கீரை எத்தனை கோப்பைகள் வேண்டும்?
3. 'இரண்டு கிலோ வாங்கினான்', 'ஐந்து முழம் தந்தாள்' – இவற்றில் அமைந்த அளவையாகுபெயர்களை வகைப்படுத்துக.