ஒரு மணித்தியாலத்தில் கொழும்பு போக முடியுமா?

எமது வானொலியின் விஞ்ஞான உரையில் நான் பேசிய விடயத்தை எழுத்திலும் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். வானொலியில் இலக்கங்கள் காதால் வந்து காதால் போய்விடும் என்பதால் எனக்கும் அது நல்லதாகவே பட்டது.

இந்த உரைக்குக் காரணம் ஒரு நேயரின் தொலைபேசிக் கேள்வி. "ஒலியை விட ஆறு மடங்கு வேகத்தில் ஓடும் எஞ்சினை இந்தியா பரீட்சித்துவிட்டதாம். அப்படியென்றால் நாங்கள் எப்போது இங்கிருந்து ஒரு மணித்தியாலத்தில் கொழும்பில் இறங்குவது?" பகிடிக்குக் கேட்டவர் அல்ல அவர். தாயாரின் செத்தவீட்டுக்கு இரண்டு விமானம் மாறிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நம்மில் எத்தனை பேருக்கு இது நடந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே அவருக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நான் பொறியியலாளன் அல்ல, வர்த்தகம் படித்த கணக்காளன். என் தொழில் முறைப்படியே இதைப் பார்க்கிறேன்: வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, பற்றாக்குறை எங்கே.

முதலில் தூரம். பலெர்மோவில் இருந்து கொழும்புக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 7,500 கிலோமீற்றர். ஒலியின் வேகத்தை ஒரு மாக் என்பார்கள். ஐந்து மாக்கைத் தாண்டினால் அது ஹைப்பர்சொனிக் வேகம். முப்பது கிலோமீற்றர் உயரத்தில் ஆறு மாக் என்பது செக்கனுக்கு ஏறத்தாழ 1.8 கிலோமீற்றர். அதே வேகத்தில் நிற்காமல் போனால் 4,170 செக்கன், அதாவது எழுபது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. எனவே கேள்வி கேட்ட நேயரின் கணக்கில் பிழை இல்லை. அந்த வேகத்தை மனிதர்கள் எட்டியும் நெடுங்காலம் ஆகிறது. 1949 பெப்ரவரியிலேயே அமெரிக்காவின் ஒரு ரொக்கெட் ஐந்து மாக்கைத் தாண்டிவிட்டது. தொடர்ந்து ஓடுவதுதான் பிரச்சினை. அதற்குத் தடையாக நிற்பது வெப்பம்.

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு இது விளங்கும். பம்பின் அடிப்பக்கம் சுடும். உரசுவதால் மட்டும் வரும் சூடு அல்ல அது. காற்றைச் சட்டென்று நெருக்கினால் அது சூடாகும். விமானத்தின் முனை தன் முன்னால் உள்ள காற்றை அப்படித்தான் நெருக்குகிறது. இந்தச் சூடு வேகத்தோடு நேராக ஏறாமல் வேகத்தின் வர்க்கமாக ஏறும். இரட்டிப்பு வேகத்துக்கு நான்கு மடங்கு சூடு.

இதற்கு நம் சீசாவிலேயே ஒரு தொடக்கப் புள்ளி இருக்கிறது. இப்போது கலை நிகழ்ச்சிகள் நடக்கும் பழைய தொழிற்சாலை வளவு, முன்பு துக்ரோ என்ற தளபாடக் கம்பனிக்குச் சொந்தமானது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் அந்தத் தளபாடக் கம்பனி விமானங்களும் செய்தது. அலுமாரி செய்த கைகள் மரத்தால் விமானம் செய்தன. மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் பறந்தால் முனையில் ஏறும் சூடு ஒன்றரைப் பாகை மட்டுமே, ஆகவே மரமே போதும். இன்று நாம் ஏறிப் போகும் பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தில் வெளியே பூச்சியத்துக்குக் கீழே 56 பாகை குளிர். அதன் முனையில் ஏறும் சூடு 28 பாகை. அதற்கும் அலுமினியம் போதும். 1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றிய கொன்கோர்ட் இரண்டு மாக்கில் பறந்தபோது அதன் மூக்கு 127 பாகை வரை சுட்டது. விமானமே பறக்கும்போது பல அங்குலம் நீண்டது. ஆறு மாக்கிலோ விமானத்தில் வந்து மோதி நிற்கும் காற்று 1,500 பாகை அளவுக்குச் சூடாகும். இரும்பு உருகும் வெப்பநிலைக்குக் கிட்ட. அலுமினியம் 660 பாகையிலேயே உருகிவிடும்.

அப்படியானால் முனையை ஏன் தடிப்பாகச் செய்யக் கூடாது? விண்வெளியில் இருந்து திரும்பும் கலங்களுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜூலியன் அலன் கண்ட வழி அது. மொட்டையான முகம் அதிர்ச்சி அலையைத் தன்னில் இருந்து தள்ளி வைக்கும், வெப்பத்தில் பெரும்பகுதி சுற்றியுள்ள காற்றோடு போய்விடும். ஆனால் மொட்டை முகம் காற்றை எதிர்த்து வேகத்தைக் குறைக்கும். கீழே இறங்கும் கலத்துக்கு வேகம் குறைவது நல்லது. கொழும்பு வரை ஓட வேண்டிய விமானத்துக்கு அது கட்டுப்படியாகாது. அதற்குக் கூரான முனையும் மெல்லிய விளிம்பும் வேண்டும். கூராக்கினாலோ அந்த இடத்தில் சூடு கூடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வடிவமைப்பாளர்கள் தவிக்கிறார்கள்.

அதிர்ச்சி அலை பற்றிப் பேசும்போது நம் நகரத்துக்காரர் ஒருவரைச் சொல்லாமல் விடக் கூடாது. லூயிஜி குரோக்கோ 1909இல் இந்தப் பலெர்மோவில்தான் பிறந்தார். தகப்பனார் கயெத்தானோ அர்த்தூரோவும் பெயர் பெற்ற வான்பொறியியலாளர். 1937இல் மகன் வெளியிட்ட தேற்றம் இன்றும் பல்கலைக்கழகங்களில் அவர் பெயரிலேயே கற்பிக்கப்படுகிறது. வளைந்த அதிர்ச்சி அலையைத் தாண்டி வரும் காற்று எல்லா இடமும் ஒரே நிலையில் இராது, அந்த வேறுபாடு காற்றைச் சுழல வைக்கும் என்று அது காட்டுகிறது. ஹைப்பர்சொனிக் வேகத்தில் அதிர்ச்சி அலை விமானத்தின் தோலை ஒட்டியே வளைந்து கிடக்கும். ஆகவே சூடான சுழலும் காற்று ஒரு போர்வை போல உடம்பில் படிந்தே வரும். இந்தப் போர்வைக்குள் எங்கே எவ்வளவு சூடு என்று கணிப்பது இன்றும் கடினமான வேலை.

கணிப்புத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1967 ஒக்டோபர் 3ஆம் திகதி சாட்சி. அமெரிக்காவின் எக்ஸ்-15 விமானத்தை பீற் நைற் என்பவர் 6.7 மாக் வேகத்துக்குக் கொண்டு போனார். மணிக்கு 7,274 கிலோமீற்றர். அடிச்செட்டையில் ஒரு போலி எஞ்சின் கட்டியிருந்தார்கள். அதன் முன்னால் எழுந்த அதிர்ச்சி அலை செட்டையில் போய் மோத, மோதிய இடத்தில் வெப்பம் குவிந்தது. நிக்கல் கலப்புலோகத்தில் துளைகள் விழுந்தன, போலி எஞ்சின் கழன்றே விழுந்துவிட்டது. விமானி உயிரோடு இறங்கினார். அந்த விமானம் மீண்டும் பறக்கவேயில்லை.

இவ்வளவும் வெளித்தோலின் கதை. எஞ்சினுக்குள் நிலைமை இன்னும் மோசம். சாதாரண ஜெட் எஞ்சின் உள்ளே வரும் காற்றை மெதுவாக்கித்தான் எரிபொருளை எரிக்கும். ஆறு மாக்கில் காற்றை அப்படி மெதுவாக்கினால் வேகம் முழுவதும் வெப்பமாக மாறிவிடும். பிறகு எரிபொருளை எரித்துப் பெறும் உந்துதல் மிகக் குறைவு. ஆகவே காற்றை ஒலியை விட வேகமாகவே ஓட விட்டு, அந்த ஓட்டத்திலேயே எரிக்கிறார்கள். ஸ்க்ராம்ஜெட் என்பது இதுதான். இந்தச் சிந்தனையை வளர்த்த முன்னோடிகளில் ஒருவரும் இத்தாலியர்தான், நோர்ச்சியாவில் பிறந்து 1944இல் அமெரிக்கா போன அந்தோனியோ ஃபெரி. ஒரு மீற்றர் நீளமான எரியறையை அந்தக் காற்று கடக்க எடுக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் எரிபொருள் காற்றோடு கலந்து, பற்றி, எரிந்து முடிய வேண்டும். சோளகக் காற்று வீசும் நாளில் முற்றத்தில் நெருப்புக்குச்சி உரசிப் பார்த்தவர்கள் இதைக் கற்பனை செய்யலாம்.

இனிக் கணக்குப் பிள்ளையின் இடத்துக்கு வருகிறேன். உள்ளே வரும் வெப்பத்தை எங்கே கொட்டுவது? மோட்டார் வண்டி தன் சூட்டை வெளிக்காற்றில் கொட்டுகிறது. இங்கே வெளிக்காற்றே 1,500 பாகை. கொட்டுவதற்கு இடமில்லை. விமானத்திடம் இருக்கும் ஒரே குளிர்ச்சி அதன் தாங்கியில் உள்ள எரிபொருள்தான்.

நம் சீசா மாளிகையை உள்ளே போய்ப் பார்த்திருப்பீர்கள். போகாதவர்கள் போய்ப் பாருங்கள், வாசலில் இருந்துகொண்டு பார்க்காமல் இருப்பது நியாயமில்லை. 1165 அளவில் முதலாம் வில்லியம் மன்னன் தொடங்கி, மகன் முடித்த கோடை மாளிகை. கீழ் மண்டபத்தில் சுவரில் இருந்து நீர் இறங்கி, சரிந்த கல்லில் வழிந்து, தரையில் வெட்டிய வாய்க்கால் வழியே முன்னால் இருந்த குளத்துக்குப் போகும். கடற்காற்று அந்த நீரைத் தொட்டுக் குளிர்ந்து உள்ளே வரும். ஓடும் நீரால் மண்டபத்தின் சூட்டை வாங்க வைத்தார்கள். ஸ்க்ராம்ஜெட்டிலும் எரிபொருளை நேரே எரியறைக்கு விடுவதில்லை. முதலில் எரியறைச் சுவருக்குள் உள்ள நுண்ணிய வாய்க்கால்கள் வழியே ஓட விட்டுச் சுவரின் சூட்டை வாங்க வைத்து, பிறகுதான் எரிக்கிறார்கள். சில எரிபொருள்கள் சூடேறும்போது மூலக்கூறு உடைந்து, உடைவதற்காகவே மேலும் வெப்பத்தை விழுங்கும்.

ஆனால் அரசனின் நீர் ஊற்றில் இருந்து வந்துகொண்டே இருந்தது. விமானத்தின் எரிபொருள் அளந்து எடுத்துப் போவது. எரிக்க வேண்டிய அளவை விடக் குளிர்விக்க வேண்டிய அளவு கூடினால், மிச்சத்தை வீணே கொட்ட வேண்டும். ஒவ்வொரு செக்கனும் வரும் வெப்பமும் எரிபொருள் விழுங்கும் வெப்பமும் சமப்பட வேண்டும். ஐந்தொகை சமப்படாத நிறுவனம் சில வருடமாவது இழுக்கும். இங்கே சில செக்கனில் சுவர் உருகும்.

சோதனைகளின் கால அளவுகளை இந்தக் கண்ணோடு பார்த்தால்தான் அவற்றின் பெறுமதி விளங்கும். 2016 ஓகஸ்ட் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து இஸ்ரோ ஏவிய ரொக்கெட்டின் பக்கங்களில் இரண்டு ஸ்க்ராம்ஜெட் எஞ்சின்கள் இருந்தன. ஐதரசனை வளிமண்டல ஒட்சிசனோடு சேர்த்து எரித்தன. எரிந்த நேரம் 5 செக்கன். 2020 செப்டெம்பர் 7இல் ஒடிசாக் கரையோரம், இராமேசுவரத்துக்காரரான அப்துல் கலாமின் பெயர் கொண்ட தீவில் இருந்து இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஏவியது 20 செக்கனுக்கு மேல் ஓடியது. ஐந்தும் இருபதும் அற்பமாகத் தெரியலாம். அவ்வளவு குறுகிய நேரத்தில் சுவர் முழுதாகச் சூடேறி முடிவதற்குள் சோதனையே முடிந்துவிடும். பற்றி எரியுமா என்பதற்கு அங்கே விடை உண்டு, தாங்குமா என்பதற்கு இல்லை. எரிபொருளால் குளிர்விக்கும் எரியறையை 2025 ஜனவரியில் 120 செக்கனும், ஏப்ரல் 25இல் ஐதராபாத்தில் 1,000 செக்கனுக்கு மேலும் ஓட்டியதைத்தான் நான் பெரிய படியாகக் கருதுகிறேன். இரண்டும் தரையில் பூட்டி வைத்து ஓட்டியவை, இரண்டாவது சிறிதாக்கிய எரியறை என்பதையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்கர்களின் எக்ஸ்-51 நான்கு முறை பறந்தது. 2011இல் காற்று எஞ்சினுக்குள் சரியாகப் புகாமல் போனது, 2012இல் ஒரு செட்டை பழுதானது. நான்காவது முறை, 2013 மே 1இல், 210 செக்கன் ஓடியது. அதுவும் எரிபொருளாலேயே குளிர்விக்கப்பட்ட எஞ்சின்.

இத்தாலியிலும் இந்த வெப்பத்தோடு மல்லுக்கட்டும் இடம் ஒன்று உண்டு. நேப்பிள்சுக்கு அருகே கப்புவா என்ற ஊரில், 70 மெகாவாற்று மின்பொறியால் காற்றைப் பழுக்கக் காய்ச்சி வெப்பக் கவசங்களின் மேல் அரை மணித்தியாலம் வரை ஊதும் கூடம். அதற்கு வைத்த பெயர் சிரோக்கோ! ஆபிரிக்காவில் இருந்து வந்து நம்மை வாட்டும் அதே காற்றின் பெயர். பெயர் வைத்தவர் ஒரு ஓகஸ்ட் மாதத்தையாவது பலெர்மோவில் கழித்தவராக இருக்க வேண்டும்.

இந்தச் செலவையெல்லாம் யார் ஏற்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இஸ்ரோவின் சோதனை விண்வெளிக்குச் செலவு குறைந்த ஏவுதலுக்கானது. மற்றவற்றில் பெரும்பாலானவை பாதுகாப்பு அமைச்சுகளின் பணம், நோக்கம் ஏவுகணை. ஏவுகணை ஒரே முறை பறந்தால் போதும், பத்து நிமிடம் தாங்கினால் போதும், உள்ளே ஆள் இல்லை. ஆகவே அது முந்தி வருகிறது. விமானச் சத்தம் நம்மவர்களுக்கு எதை நினைவூட்டும் என்று விளக்கத் தேவையில்லை. அந்தச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடச் சில கணங்களாவது கிடைத்தன. ஆறு மாக்கில் வருவதன் சத்தம் அது வந்து சேர்ந்த பிறகுதான் வரும்.

பயணிகள் விமானம் இதற்கு மேல் பல கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். ஸ்க்ராம்ஜெட் நின்ற இடத்தில் இருந்து புறப்படாது. நான்கைந்து மாக் வரை தூக்கிவிட வேறு எஞ்சின் வேண்டும். புந்தா ராய்சி ஓடுபாதையில் ஏறி இறங்க வேண்டும். மறுநாளும் அதே உடம்போடு பறக்க வேண்டும்.

நேயருக்கு என் கணக்கு இதுதான். ஆறு மாக்கில் 5 செக்கன் என்றால் 9 கிலோமீற்றர், சீசாவில் இருந்து மொண்டெல்லோ கடற்கரை அளவு தூரம். 20 செக்கனுக்குத் தெர்மினி இமெரெசே போகலாம். எக்ஸ்-51இன் 210 செக்கன், அதன் வேகத்தில், நேப்பிள்சுக்குக் கிட்டக் கொண்டு போகும். ஐதராபாத் எரியறையின் 1,000 செக்கன் வானத்தில் ஓடியிருந்தால் 1,800 கிலோமீற்றர், சைப்பிரஸ் வரை. கொழும்புக்கு அங்கிருந்து இன்னும் 5,700 கிலோமீற்றர் இருக்கிறது.