கிருமியிலிருந்து வந்த மாத்திரையா?



சென்ற மாதம் ஆண்கள் வார்டில் ஒரு பெரியவர் தமது இரத்த அழுத்த மாத்திரைகளை விழுங்காமல் தலையணைக்கடியில் சேர்த்து வைத்திருந்தார். "இது கிருமியை வைத்துச் செய்கிற மருந்தாமே, ஐயா?" என்று எங்களைக் கேட்டார். யாரோ அவருக்குப் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். மீதிப் பாதியை டாக்டர்களிடம் கேட்டறிந்து உங்களுக்கும் எழுதுகிறோம்.

அந்த மாத்திரை லிசினோப்ரில். நம் உடலில் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் இரத்தக் குழாய்களை இறுக்குகிறது. அதை உண்டாக்கும் என்சைமை இம்மருந்து தடுப்பதால் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. இவ்வகை மருந்துகளுக்கு வழிகாட்டியது பிரேசில் நாட்டு ஜராரகா விரியனின் விஷம். அதை ஆராய்ந்து, ஆய்வுக்கூடத்தில் புதிதாக வடிவமைத்த காப்டோப்ரில் 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை நாளுக்கு இரண்டு மூன்று வேளை சாப்பிடவேண்டும். 1987இல் அங்கு அனுமதி பெற்ற லிசினோப்ரிலோ ஒரு வேளை போதும்.

கிருமி எங்கே வருகிறது? லிசினோப்ரிலின் நடுப்பகுதி லைசின் என்ற அமினோ அமிலம். பருப்பிலும் பாலிலும் இருப்பதுதான். 1956இல் ஜப்பானில் கினோஷிடாவும் அவர் குழுவினரும் மண்ணில் ஒரு பாக்டீரியாவைக் கண்டெடுத்தார்கள். கோரினிபாக்டீரியம் குளுட்டாமிகம் என்பது அதன் இன்றைய பெயர். அஜினமோட்டோ உப்புக்கும் அதுவே மூலம். அதன் மாற்று வகைகளைப் பெரிய தொட்டிகளில் சர்க்கரைப் பாகு ஊற்றி, காற்று செலுத்தி வளர்த்தால், மாவு புளிப்பதுபோல் நொதித்து லைசினை வெளியே தள்ளுகின்றன. உலகின் லைசின் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கிறது.

இரசாயன முறையில் லைசினைச் செய்யக்கூடாதா? செய்யலாம். ஆனால் சாதாரணமாக அதில் இடதுகால் செருப்பும் வலதுகால் செருப்பும் சரிபாதி கலந்ததுபோல் இரு வடிவங்கள் வரும். என்சைமில் பொருந்துவதோ ஒன்றே. பாக்டீரியா அந்த ஒன்றை மட்டுமே தருகிறது!

பாக்டீரியாவைப் பிரித்து நீக்கி, லைசினைச் சுத்தம் செய்தபின் வேதியியலாரின் வேலை. லைசினில் நைட்ரஜன் முனைகள் இரண்டு. தவறான முனையில் ஒட்டிவிடாதபடி ஒன்றை மூடிவைத்து, ஒரு பக்கம் புரோலின் என்ற அமினோ அமிலத்தையும், திறந்த முனையில் மற்றொரு துண்டையும் இணைக்கிறார்கள். கடைசியில் மூடியை அகற்றுகிறார்கள். மாத்திரையில் உயிருள்ள கிருமி ஏதும் மிஞ்சுவதில்லை.

சிலருக்கு இதனால் வறட்டு இருமல் வரும். டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்து தருவார். கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடவே கூடாது, சிசுவுக்கு ஆபத்து.

செருப்புக் கணக்கைக் கேட்டுப் பெரியவர் சிரித்தார். அன்று இரவே மாத்திரையை விழுங்கினார். பாம்பின் கதையை அவர் வீட்டுக்குப் போகிற நாளில் சொல்லலாம் என்றிருக்கிறோம்.