குழந்தையை விடும் இடம்

பெங்களூரிலிருந்து தெற்கு நோக்கி வரும் நெடுஞ்சாலையில் அத்திப்பள்ளியைக் கடந்து ஜூஜூவாடியை அடைந்தால் தமிழ்நாட்டு எல்லை தொடங்குகிறது. 1970-களில் சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. அதன் பின்னர் அசோக் லேலண்டின் கனரக வண்டிகளும், டி.வி.எஸ். இருசக்கர வண்டிகளும், டைட்டன் கைக்கடிகாரங்களும் இம்மண்ணில் உருவாகத் தொடங்கின. வேலையை நாடிப் பல மாவட்டங்களிலிருந்து இளங்குடும்பங்கள் குடியேறின. தாயும் தந்தையும் வந்தனர். பாட்டி ஊரிலேயே தங்கிவிட்டாள். ஆதலின் இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், மூன்று வயதுக் குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது என்னும் கேள்வி நாள்தோறும் எழுகிறது.

மாணவர்களாகிய நமக்கு இதனோடு என்ன தொடர்பு என்று நேயர்கள் எண்ண வேண்டா. தம்பியையோ தங்கையையோ சேர்க்கும் நாளில் விண்ணப்பத்தைப் படித்து நிரப்புபவரும், இடத்தை முன்னதாகப் பார்த்து வருபவரும் பல வீடுகளில் நீங்களே அன்றோ?

இக்கேள்வி ஓசூருக்கு மட்டும் உரியதன்று. ரோமாபுரியில் சான் லோரென்சோ என்றொரு தொழிலாளர் குடியிருப்பு இருந்தது. பெற்றோர் வேலைக்குப் போனபின் அங்குள்ள சிறுவர்கள் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். சுவர்களைக் காக்க விரும்பிய கட்டட நிர்வாகத்தினர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுமாறு மரியா மாண்டிசோரி என்னும் பெண் மருத்துவரிடம் ஒப்படைத்தனர். 1907 ஜனவரி 6-ஆம் நாள் அங்கே ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. இன்று தெருவுக்குத் தெரு பலகைகளிற் காணும் மாண்டிசோரி என்னும் பெயரின் பிறப்பிடம், செல்வர் மாளிகையன்று. ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த நெருக்கமான குடியிருப்பே. அவ்வம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்திற் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்திற் பொருள்களை வைப்பதும், குழந்தை தானே எடுத்துத் தானே திருப்பி வைக்க விடுவதும் அவர் முறையின் உயிர்நாடி. பலகையில் அப்பெயர் இருந்தும், உள்ளே விளையாட்டுப் பொருள்கள் கண்ணாடி அலமாரியிற் பூட்டிக் கிடக்குமானால், அந்தப் பெயருக்கு அங்கே பொருளில்லை.

ஆயினும் ஓசூரில் முதலிற் பார்க்க வேண்டியது பொருள்களையன்று, மொழியை. இங்கே ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வழங்குகின்றன. வடநாட்டிலிருந்து வந்தோர் மொழிகளும் இப்போது கேட்கின்றன. தாகமெடுத்த குழந்தை ஒரு வீட்டில் ‘தண்ணீர்’ என்னும், மற்றொரு வீட்டில் ‘நீள்ளு’ என்னும், இன்னொன்றில் ‘நீரு’, வேறொன்றில் ‘பானி’. நான்கையும் புரிந்துகொள்ளும் ஆயா ஒருத்தி இருந்தால், அவள் எந்தக் கட்டடத்தினும் உயர்ந்தவள் என்பேன். ‘முதல் நாள் முதலே ஆங்கிலம்’ என்று பெருமையோடு சொல்லும் இடத்தில், வீட்டு மொழியில் வாய்திறந்த குழந்தை அதட்டப்படுகிறதா என்று கவனியுங்கள். அதட்டப்படும் குழந்தை கேட்பதை நிறுத்திவிடும்; தண்ணீர் குடியாமல் இருக்கும்; சிறுநீரை அடக்கிக்கொள்ளும். மாலையிற் சோர்ந்து வரும் அதன் முகத்துக்குக் காரணம் தாய்க்கு விளங்காது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், தொடக்கக் கல்வியை இயன்றவரை வீட்டு மொழியில் நடத்தவே பரிந்துரைக்கிறது.

அடுத்து, எழுத்து. மூன்று வயதில் எழுதக் கற்பிக்கிறார்களா என்று ஆவலோடு வினவும் பெற்றோர் பலர். மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. பிறந்த குழந்தையிடம் அவை வெறுங் குருத்தெலும்புகளே. ஒவ்வொன்றாக இறுகி எட்டும் எலும்பாவதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் செல்லும். அத்தகைய கையிற் பென்சிலைத் திணித்து வரிவரியாக எழுதச் செய்வதைவிட, களிமண் பிசையவும், மணி கோக்கவும், மணலில் விரலோட்டவும் விடுவதே கைக்கு நல்ல பயிற்சி. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமேனும் உடலசைந்து ஆட வேண்டும் என்றும், திரை பார்ப்பது ஒரு மணிக்கு மிகலாகாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. தொலைக்காட்சிப் பெட்டியின் முன் குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்திருக்கும் இடத்தை இக்கணக்கினால் அளந்துகொள்ளலாம்.

கட்டணம் கொடுக்க இயலாதோர்க்கு அங்கன்வாடி இருக்கிறது. 1975 அக்டோபர் 2-இல் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் அது. சத்துணவும், எடைபார்த்தலும், ஆடல் பாடலும் அங்கே உண்டு; ஊர்க்காரப் பெண்ணே பணியாளராக இருப்பதால் மொழித் தொல்லையும் குறைவு. அதை ஏழைகளின் இடமென்று ஒதுக்குவது பேதைமை. குறை நேரத்தில்தான் இருக்கிறது. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் புறப்படும் தாய்க்கு அது திறந்திராது. இரவு பத்து மணிக்குத் திரும்பும் தாய்க்கும் திறந்திராது.

அந்தத் தாயை எண்ணியே சட்டம் வகுக்கப்பட்டது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களுக்குக் காப்பகம் கட்டாயமாயிற்று. ஆண்களையும் சேர்த்தே அந்த ஐம்பது. தாய் நாளுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கும் உரிமையும் எழுதப்பட்டது. வேலைக்குச் சேரும் நாளிலேயே இதைக் கேட்டறிதல் நன்று. பலர் ஊதியத்தைக் கேட்கின்றனர், இதைக் கேட்பதில்லை.

வெளியிலுள்ள தனியார் பள்ளியாயின், முன்னறிவிப்பின்றி ஒரு முற்பகல் சென்று பாருங்கள். பெற்றோர் வாயிலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று தடுக்கும் இடத்தை விட்டு வந்துவிடலாம். ஒரு பணிப்பெண்ணிடம் எத்தனை குழந்தைகள் என்பதை அலுவலகத்திற் கேளாமல், அறையில் எண்ணிப் பாருங்கள். கழிப்பறை குழந்தையின் உயரத்துக்கு ஏற்றதா, அழும் குழந்தையை யாரேனும் தூக்குகிறார்களா என்பதையும் நோக்குங்கள்.

இடம் முடிவானபின் முதல் வாரத்தை அவசரப்படுத்த வேண்டா. முதல் நாள் அரைமணி நேரம், தாயும் உடனிருக்க. மறுநாள் ஒரு மணி. பின்னர்ச் சிறிது சிறிதாக. குழந்தை விளையாட்டில் ஆழ்ந்திருக்கும்போது ஓசையின்றி நழுவிச் செல்வது எளிதாகத் தோன்றும்; ஆனால் மறுநாள் முதல் அது தாயின் முந்தானையை விடாது. சாப்பாடு முடிந்ததும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போய், சாப்பாடு முடியும் வேளைக்கு வந்து நிற்க வேண்டும். தாய்க்கு ஷிப்டு மாறும் வாரமாயின், அவ்வேளைக்கு அண்ணனோ அக்காளோ வந்து நின்றாலும் போதும்.